தட்டும் தொட்டியும்: பெரும் பிலிம் கழுவிய கருவிகளின் கதை

புகைப்படக் கலையின் வரலாற்றை எடுத்துரைப்போர் பெரும்பாலும் கமராக்களைப் பற்றியும் வில்லைகளைப் பற்றியுமே கூறிச் செல்வர். படம் பிடித்தபின் அது கழுவப்படும் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், கமராவினுள் ஒளி விழுந்த அந்தக் கணத்தில் உண்டாவது கண்ணுக்குப் புலனாகாத உருவம் மாத்திரமே. அவ்வுருவத்தை வெளிக்கொணர்வது டெவலப்பர் எனப்படும் துலக்கு மருந்து. அம்மருந்தைப் பிலிமின்மீது பரப்பி நிறுத்தும் தட்டு, தொட்டி, உருளை ஆகியவற்றின் வரலாற்றையே இன்று நாம் நோக்கவிருக்கின்றோம்.

இங்கு நாம் கருதுவது சுருளாக வரும் சிறு பிலிமை அன்று. 4க்கு 5 அங்குலம், 8க்கு 10 அங்குலம் என்னும் அளவுகளில் தனித்தனித் தாளாக வரும் பெரும் பிலிமையே கருதுகின்றோம். சுருட்பிலிமில் 36 படங்களுக்கும் ஒரே கதிதான். அவையனைத்தும் ஒரே மருந்தில், ஒரே நேரம் கிடக்க வேண்டும். தனித்தாளோ அவ்வாறன்று. ஒவ்வொரு படத்தையும் அதனதன் தேவைக்கேற்பக் கழுவலாம். இச்சுதந்திரமே பெரும் பிலிமின் தனிச் சிறப்பு. அதன் இடரும் இதுவேயாகும். ஏனெனில் ஒரு தாள் கெட்டால் ஒரு படம் முழுவதும் கெட்டது. அருகிலுள்ள மற்றொரு படத்தைக் கொண்டு அதனை ஈடு செய்ய இயலாது. ஆகவே, வீட்டிலே இப்பணியைத் தொடங்க விரும்புவோர் எப்பாத்திரத்தைத் தேர்வது என்று தயங்குவது இயல்பே. அத்தயக்கத்துக்கு விடை கடைக்காரரின் விலைப்பட்டியலிலும் பார்க்க, கடந்த 170 ஆண்டுகளின் அனுபவத்திலேயே தெளிவாகக் கிடைக்கின்றது.

1851ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த சிற்பியான பிரெடரிக் ஸ்கொட் ஆச்சர் என்பவர் ஈரத்தட்டு முறையை வெளியிட்டார். ஈதரிலும் மதுசாரத்திலும் கரைந்த கொலோடியன் என்னும் பசைநீரைக் கண்ணாடிமீது ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலர்வதற்கு முன்னரே படம் பிடித்து, உடனேயே அதனைத் துலக்கவும் வேண்டும். சில நிமிடங்களுக்குள் இவையனைத்தும் முடிந்தாக வேண்டும். ஆகவே, படம் பிடிக்கும் இடத்துக்கு அருகில் இருட்டறையும் இருத்தல் இன்றியமையாததாயிற்று. வெளியூர் சென்றோர் கூடாரத்தையும் வண்டியையும் இருட்டறையாக்கிக் கொண்டனர்.

அம்முறையில் துலக்குவதற்கெனத் தனிப் பாத்திரம் எதுவும் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கண்ணாடித் தட்டை ஒரு கையிற் சமமாக ஏந்தி, மறு கையால் இரும்புச் சல்பேற்றுக் கரைசலை ஒரே வீச்சில் அதன்மீது ஊற்றுவர். சில வினாடிகளில் உருவம் தோன்றும். போதுமென்று கண் கூறிய கணத்திலேயே நீரூற்றி நிறுத்துவர். ஈரத்தட்டு நீல ஒளிக்கே உணர்ச்சியுடையது. எனவே மஞ்சள் வெளிச்சத்தில் அனைத்தையும் பார்த்துக்கொண்டே செய்ய முடிந்தது. கையே பாத்திரம், கண்ணே கடிகாரம் என்றிருந்த காலம் அது. பின்னர் படத்தை நிலைநிறுத்துதற்கு ஹைப்போவைச் சிலர் கையாண்டனர். பொற்றாசியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சைக் கையாண்டோரும் பலர்.

இம்முறையில் பெரும் புகழ் ஈட்டியவர்களுள் ஒருவர் நமது நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கிரெட் கமரன் அம்மையார், தமது 48ஆவது வயதில் மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைற்றுத் தீவில் இருந்த தமது வீட்டின் நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைப் படம்பிடிக்கும் கண்ணாடி மாடமாக்கினார். பின்னர் 15க்கு 12 அங்குல அளவுடைய கண்ணாடிகளைக் கையாண்டார். அத்துணைப் பெரிய கண்ணாடிமீது கொலோடியனைச் சீராகப் பரப்புவதும், துலக்கு மருந்தை இடைவெளியின்றி ஊற்றுவதும் எளிய செயல்களல்ல. அவருடைய படங்களிற் காணப்படும் வடுக்களையும் சுழிகளையும் அக்காலத்து விமரிசகர் குறைகூறினர். இன்று அவற்றை நோக்குவோர், தனித்து நின்று உழைத்த இரு கைகளின் அடையாளங்களாக அவற்றைக் காண்கின்றனர்.

அம்மையார் 1875இல் தமது கணவர் சாள்ஸ் ஹே கமரனுடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கோல்புரூக்–கமரன் சீர்திருத்தங்களாற் பெயர் பெற்ற அதே கமரன்தான் அவர். களுத்துறையில் இருந்தபோது தோட்டத் தொழிலாளர் சிலரையும், ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரையும் அவர் படம் பிடித்துள்ளார். இங்கிலாந்தில் எடுத்தவற்றோடு ஒப்பிடுகையில் இலங்கையில் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1879 சனவரியில் திக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் காலமானார். நிலக்கரிக் கொட்டிலே போதும் என்று தொடங்கிய அவரது துணிவு, வீட்டிலே படம் கழுவ எண்ணும் எவருக்கும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈரத்தட்டின் ஆட்சியை முடித்து வைத்தது ஜெலற்றின் என்னும் எளிய பொருள். 1871இல் ரிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கொலோடியனுக்குப் பதிலாக ஜெலற்றினிலே வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியிற் பூசலாம் என்று எழுதினார். 1878இல் சாள்ஸ் பெனற் என்பவர் அக்கலவையைப் பல நாள் இளஞ்சூட்டில் வைத்திருந்தால் அதன் ஒளியுணர்ச்சி பன்மடங்கு பெருகும் என்று காட்டினார். அதன்பின் உலர்தட்டுகள் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டுப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. இன்று பிடித்த படத்தை நாளையோ அடுத்த மாதமோ கழுவலாம் என்னும் நிலை உண்டாயிற்று.

இங்கேதான் துலக்கும் தட்டு வீட்டினுள் நுழைகின்றது. ஜெலற்றின் நீரை உறிஞ்சி மெல்ல வீங்கும் தன்மையது. மருந்து அதனுள் ஊடுருவிச் செயற்படப் பல நிமிடங்கள் செல்லும். அவ்வளவு நேரம் கண்ணாடியைக் கையிலேந்தி மருந்தை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே பீங்கானாலும், கண்ணாடியாலும், எபோனைற்று என்னும் வன்றப்பராலும், எனாமல் பூசிய இரும்பாலும் தட்டுகள் செய்யப்பட்டன. மருந்தை வடிப்பதற்கு மூலையில் ஒரு மூக்கு, கண்ணாடியை விரலால் எடுப்பதற்கு அடியில் மேடுகள் என அவற்றின் உருவம் அமைந்தது. இன்று பிளாத்திக்கில் வரும் தட்டும் ஏறக்குறைய அதே உருவத்தைத்தான் கொண்டிருக்கின்றது.

சிவப்பு விளக்கின்கீழ்த் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டு உருவம் எழுவதைக் கண்டவர்கள், தம் கண்ணையே பெரிதும் நம்பினர். பைரோகலோல் என்னும் மருந்தோடு காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தும், புரோமைட்டுத் துளிகளை இட்டும், பிழையான ஒளியளவைத் திருத்திவிடலாம் என்று அவர்கள் கருதினர். துலக்குதல் ஒரு சமையற்கலை போல் எண்ணப்பட்டது. பைரோ பிடித்துக் கறுத்த விரல்களே தேர்ந்த படக்காரரின் அடையாளமாயின. அம்மருந்து தோல்வழியும் உடலிற் சேரும் நஞ்சு என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும். இன்று அதனைக் கையாள்வோர் கையுறை அணிந்தே கையாளுகின்றனர்.

இந்த நம்பிக்கையை அசைத்தவர்கள் இருவர். இங்கிலாந்தின் வைட்னஸ் நகரில் காரத் தொழிற்சாலையிற் பணியாற்றிய பேடினண்ட் ஹேர்ட்டர், வேரோ சாள்ஸ் டிரிபீல்ட் ஆகியோர் 1890இல் தமது ஆராய்ச்சியை வெளியிட்டனர். பிலிமில் விழுந்த ஒளிக்கும் அங்கு படியும் வெள்ளியின் அடர்த்திக்கும் ஒழுங்கான ஒரு தொடர்பு உண்டு. துலக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒளிக்கும் நிழலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கூடும். ஆனால் ஒளியே படாத இடத்தில் விபரத்தை எந்த மருந்தும் உண்டாக்காது என்பதே அவர்கள் கண்ட முடிபின் சாரம். கலைஞர் பலர் இதனை எதிர்த்தனர். எனினும், நேரமும் வெப்பநிலையும் அளவிடத்தக்கன, ஆதலால் துலக்குதலும் அளவிடத்தக்கது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் இடையே ஒரு பாலம் அமைத்தவர் ஹெரிபோட் நகரின் அல்பிரெட் வற்கின்ஸ் ஆவார். உருவத்தின் முதற் சாயல் தோன்றுவதற்கு எத்தனை வினாடி சென்றதோ, அதனை மருந்துக்குரிய ஓர் எண்ணாற் பெருக்கினால் முழுநேரம் கிடைக்கும் என்று அவர் காட்டினார். மெற்றோலுக்கு அவ்வெண் 30 ஆகும். சாயல் 10 வினாடியில் தோன்றினால் 300 வினாடி, அதாவது 5 நிமிடம் துலக்க வேண்டும். மருந்து குளிர்ந்திருந்தால் சாயல் தோன்றத் தாமதமாகும். அதற்கேற்ப முழுநேரமும் தானே நீளும். வெப்பமானி இல்லாதார்க்கும் பயன்பட்ட அழகிய முறை இது.

ஆனால் இம்முறைக்கும் ஆயுள் குறைவாகவே இருந்தது. அதற்குக் காரணம் நிறமாகும். தொடக்ககாலத் தட்டுகள் நீல ஒளியை மாத்திரமே உணர்ந்தன. 1873இல் ஜேர்மானிய விஞ்ஞானி ஹேர்மன் வில்ஹெல்ம் போகல், சில சாயங்களைச் சேர்த்தால் பச்சை ஒளியையும் தட்டு உணரும் என்று கண்டார். 1906இல் இலண்டனுக்கு அருகிலுள்ள குரொய்டனில் றற்றன் அன்ட் வெயின்றைற் நிறுவனத்தார், சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் பன்நிறத் தட்டுகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில், அன்செல் அடம்ஸ் என்னும் இளைஞர் ஹாவ் டோம் என்னும் பாறைமுகத்தைத் தம்மிடம் எஞ்சியிருந்த இறுதிக் கண்ணாடித் தட்டிலே ஆழ்ந்த சிவப்பு வடிகண்ணாடியினூடாகப் பிடித்தார். வானம் ஏறக்குறையக் கருமையாகவும், பாறை அதன்முன் ஓங்கியும் நின்ற அப்படம் அவருக்குப் பெரும்பெயர் தந்தது. சிவப்பை உணராத பழைய தட்டில் அப்படத்தைப் பிடித்திருக்கவே இயலாது.

நன்மைக்கு விலையும் இருந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தட்டுக்குச் சிவப்பு விளக்கும் பகையே. ஆகவே படம் கழுவுவோர் முழு இருளிலே நிற்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டாகக் கண்ணை நம்பிய கலை, ஒரே நாளிற் கண்ணிழந்தது போலாயிற்று. அவ்விழப்புக்கு மூன்று வகையான விடைகள் எழுந்தன. இன்று கடைகளிற் காணும் கருவிகள் யாவும் இவற்றின் வழிவந்தவையே.

முதலாவது விடை, கண்ணை எவ்வாறேனும் மீட்பது. 1920ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் லூப்போ–கிராமர், பீனோசபிரனின் என்னும் சாயத்தில் தட்டை நனைத்தால் அதன் ஒளியுணர்ச்சி மங்கும், துலங்குவது மட்டும் தடைப்படாது என்று கண்டார். வேறு சிலர் துலக்குதல் பெரும்பாலும் முடிந்த வேளையில், மிக மங்கிய பச்சை வெளிச்சத்தில் சில வினாடி மாத்திரம் நெகற்றிவைப் பார்த்தனர். மங்கிய ஒளியில் மனிதக் கண் பச்சையையே மிகுதியாக உணரும் என்பதே பச்சையைத் தேர்ந்ததன் காரணம். அமெரிக்காவின் எட்வட் வெஸ்ரன், தமது 8க்கு 10 அங்குல நெகற்றிவ்களைப் பைரோ மருந்தில், தட்டிலே, இவ்வாறு பார்த்துப் பார்த்தே கழுவினார். உலகம் போற்றும் அவர் படங்களுக்குப் பின்னால் நின்றவை சில தட்டுகளும் ஒரு பச்சை விளக்குமே.

இரண்டாவது விடை, கண்ணை முற்றாகத் துறந்து கடிகாரத்தை நம்புவது. இதற்கேற்ற கருவி தொட்டியாகும். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே மூடிய தொட்டிகளைக் கொடாக் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. குறித்த மருந்து, குறித்த வெப்பம், குறித்த நேரம் எனும் மூன்றையும் காத்தால் அறியாதாரும் படம் கழுவலாம் என்பதே அவற்றின் வாக்குறுதி. இதே காலத்திற் கண்ணாடிக்குப் பதிலாகப் பிலிம் பரவிற்று. 1888இலேயே பிலடெல்பியாவின் ஜோன் காபற் என்பவர் செலுலோயிட்டுத் தாளில் மருந்து பூசி விற்றிருந்தார். அப்பொருள் எளிதில் தீப்பற்றுவதாயிருந்தமையால், பிற்காலத்தில் அசற்றேற்றுப் பிலிம் அதன் இடத்தைப் பிடித்தது. வளையும் பிலிமைத் துருவேறா உருக்குச் சட்டங்களிற் செருகி, ஆழ்ந்த வன்றப்பர்த் தொட்டிகளில் வரிசையாகத் தொங்கவிட்டனர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தாள்களைக் கழுவிய படப்பிடிப்பு நிலையங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் இதனினும் ஏற்ற முறை இருக்கவில்லை. ஆனால், தொட்டியை நிரப்ப லீற்றர்க் கணக்கில் மருந்து வேண்டும். சட்டத்தின் துளைகளினூடாக மருந்து விசையோடு பாய்ந்தால், பிலிமின் விளிம்பிற் கருங்கோடுகள் தோன்றும். வீட்டில் இரண்டு மூன்று தாள் கழுவுவோருக்கு இது யானை கட்டித் தீனி போடுவதை ஒக்கும்.

மூன்றாவது விடை, கையையே கண்ணாக்குவது. இருளிலே தட்டின்முன் நின்று, விரலுணர்ச்சியால் தாள்களைக் கையாளும் முறை இது. பிலிமின் ஒரு மூலையில் வெட்டுக்குறிகள் இடப்பட்டிருக்கும். தாளை நெடுக்காகப் பிடித்து, அக்குறி மேலே வலப்பக்க மூலையில் இருக்குமாறு வைத்தால், மருந்து பூசிய முகம் நம்மை நோக்கியிருக்கும். தாள்களை முதலில் நீரில் ஒவ்வொன்றாக நனைத்து, பின் துலக்கு மருந்தில் அடுக்கி, அடியிலுள்ளதை எடுத்து மேலே வைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். இவ்வாறு புரட்டுவது வீண் வேலையன்று. மருந்து வேலை செய்யும்போது வெளிப்படும் புரோமைட்டு பிலிமின் மேற்பரப்பிலேயே தேங்கி, அவ்விடத்தில் மேலும் துலங்குவதைத் தடுக்கும். அசைவு அதனை அகற்றிப் புதுமருந்தைக் கொணரும். அசைவு குறைந்தால் வானம் போன்ற சமமான பரப்பிலே திட்டுகள் உண்டாகும். அசைவு முரடானால் ஒரு தாளின் மூலை மற்றொன்றைக் கீறும்.

தனித்தாளைத் தனித்தே கழுவுவதன் பயனுக்கு 1941ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியை விடச் சிறந்த சான்று காண்பதரிது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்து மாலை ஒன்றில், அன்செல் அடம்ஸ் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ஹேர்னான்டஸ் என்னும் சிற்றூர் வழியே காரிற் சென்றுகொண்டிருந்தார். கிழக்கே நிலவு எழுந்திருந்தது. மேற்கே சாயும் கதிரவனின் ஒளி இடுகாட்டின் வெண்சிலுவைகளிற் பட்டு மின்னியது. அவசரத்தில் ஒளிமானியைக் காணவில்லை. நிலவின் பிரகாசம் இவ்வளவென்று தாம் அறிந்திருந்த எண்ணைக் கொண்டு கணக்கிட்டு, 8க்கு 10 அங்குலத் தாளொன்றில் ஒரு வினாடி ஒளி விழச் செய்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளை விட்டு ஒளி நீங்கிவிட்டது. உலகில் இருப்பது அந்த ஒரே நெகற்றிவ்தான். பிற்காலத்தில் வானியலறிஞர்கள் நிலவின் நிலையைக் கணித்து, அப்படம் 1941 நவம்பர் 1ஆம் திகதி பிற்பகல் 4 மணி 49 நிமிடமளவில் பிடிக்கப்பட்டது என்று கூறினர்.

அந்நெகற்றிவை அவர் எவ்வாறு கழுவினார் என்பதே நமக்கு வேண்டியது. நிலவு மிகப் பிரகாசமானது. முன்னிலமோ மங்கிக் கிடந்தது. வழக்கமான முறையிற் கழுவினால் நிலவு வெறும் வெண்பொட்டாகிவிடும். நேரத்தைக் குறைத்தால் நிலம் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே அவர் மென்மையான மருந்தில் 30 வினாடியும், பின் வெறும் நீரில் அசைவின்றி 2 நிமிடமும் என மாறி மாறிப் பத்து முறை வைத்தார். நீரில் நிற்கும்போது, பிரகாசமான இடத்தில் உறிஞ்சப்பட்ட மருந்து விரைந்து தீர்ந்துவிடும்; மங்கிய இடத்திலோ தீராது தொடர்ந்து வேலை செய்யும். இவ்வாறு நிலவும் பிழைத்தது, நிலமும் பிழைத்தது. 1948இல் அந்நெகற்றிவின் கீழ்ப்பகுதியை இரசாயன முறையால் மேலும் அடர்த்தியாக்கவும் செய்தார். இப்பணிக்குத் தட்டுகள் இரண்டே போதுமானவை. சுருட்பிலிமில் இப்படம் அகப்பட்டிருந்தால், ஏனைய படங்களைப் பலியிட்டன்றி இதனைச் செய்திருக்க முடியாது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில், இருட்டறை இல்லாதாருக்காக வேறு கருவிகள் வந்தன. பிலிமை இருளிலே ஏற்றி, மூடியபின் வெளிச்சத்தில் மருந்தூற்றும் தொட்டிகள் இவற்றுள் ஒருவகை. ஜேர்மனியின் யோபோ நிறுவனம் செய்த உருளைகள் மற்றொரு வகை. கிடையாகச் சுழலும் உருளையினுள் சிறிதளவு மருந்தே பிலிம் முழுவதையும் நனைக்கும். சீரும் மிகச் சிறந்தது. ஓயாது அசைவதால், துலக்கும் நேரத்தைச் சிறிது குறைக்க வேண்டும். இயந்திரத்தின் விலையோ அதிகம். 2010ஆம் ஆண்டுக்குப் பின், சாதாரணச் சுருட்பிலிம் தொட்டிக்குள் 4க்கு 5 அங்குலத் தாள்கள் ஆறைத் தாங்கும் பிளாத்திக்குச் சட்டமும், ஏறத்தாழ 475 மில்லிலீற்றர் மருந்தில் நான்கு தாள்களைக் கழுவும் சிறு தொட்டியும் விற்பனைக்கு வந்தன. செலவின்றிச் செய்ய விரும்புவோர், தாளை மருந்து பூசிய முகம் உட்புறமாக வளைத்து, றப்பர் வளையமிட்டுச் சாதாரணத் தொட்டியில் நிறுத்துவதும் உண்டு.

இனி, நமது நாட்டுக்குரிய ஒரு செய்தியைக் கூறாது விடலாகாது. மேல்நாட்டார் எழுதிய நேர அட்டவணைகள் யாவும் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கருதியவை. நமது தாழ்நிலத்திற் குழாய் நீரே 27, 28 பாகையளவில் வருகின்றது. பழைய பிலிம்களின் ஜெலற்றின் இவ்வெப்பத்தில் மிகையாக வீங்கி, விளிம்பில் மடிந்து, கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். வெப்ப நாடுகளில் உழைத்த அக்காலத்தார், சோடியம் சல்பேற்றைச் சேர்த்து வீக்கத்தை அடக்கினர். குரோம் படிகாரத்தால் ஜெலற்றினை இறுக்கினர். இக்காலப் பிலிம்கள் முன்னரே இறுக்கப்பட்டவையாதலின் கழல்வது அரிது. ஆனால் வெப்பம் மிக மருந்து விரைந்து வேலை செய்யும். துலக்கும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே குறைந்தால் சீராகத் துலக்குவது கடினம். மருந்தை மேலும் நீர்த்ததாக்குவது ஒரு வழி. தட்டை ஐஸ் நீர் கொண்ட பெரிய பாத்திரத்தில் வைப்பது மற்றொரு வழி. ஐஸ்கட்டியை மருந்தினுள் நேராக இட்டால் மருந்தின் செறிவு மாறும். ஆகையால் அது தகாது. துலக்கு மருந்து, ஹைப்போ, கழுவும் நீர் ஆகிய மூன்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதும் முக்கியம். திடீர் மாற்றத்தால் ஜெலற்றின் சுருங்கி வலைபோல் வெடிக்கக்கூடும். இந்நோக்கிற் பார்த்தால், ஆழ்ந்த தொட்டியின் மிகுந்த மருந்து மெதுவாகவே சூடேறும். உருளையிலுள்ள சிறிதளவு மருந்து அறையின் வெப்பத்தை விரைவில் அடைந்துவிடும். மேல்நாட்டிற் குறையாகக் கருதப்பட்ட தொட்டியின் பருமன் இங்கு ஒரு நன்மையாகின்றது.

ஆகவே தேர்வு எவ்வாறு அமைய வேண்டும்? ஒளி புகாத சிறு அறையும், மாதத்துக்குச் சில தாள்களும் மாத்திரமே உடையவர், தட்டுகளிற் தொடங்குவதே சாலச் சிறந்தது. பிலிமினும் ஒரு படி பெரிய தட்டுகள் மூன்றும், நம்பத்தக்க ஒரு வெப்பமானியும், ஒலியால் வினாடி காட்டும் ஒரு கருவியும் போதும். முதலில் ஒரு தாளை மாத்திரமே கழுவிப் பழக வேண்டும். கெட்டுப்போன தாள் ஒன்றை வைத்துப் பகலிலே, கண்ணை மூடிக்கொண்டு, நீரில் ஒத்திகை பார்ப்பது பல படங்களைக் காப்பாற்றும். இருட்டறை இல்லாதவர் சிறு மூடிய தொட்டியைத் தேரலாம். ஒரே அளவான தாள்களைத் தொகையாகக் கழுவுவோருக்கே ஆழ்ந்த தொட்டியும் சுழலும் உருளையும் செலவுக்கேற்ற பயன் தரும். எப்பாத்திரத்தைத் தேர்ந்தாலும் ஒரு கணக்கு மாறாது. 8க்கு 10 அங்குலத் தாள் ஒன்று, 4க்கு 5 அங்குலத் தாள் நான்குக்குச் சமம். பாத்திரம் சிறிதென்று மருந்தின் அளவை மிகவும் குறைத்தால், துலங்கி முடிவதற்கு முன்னரே மருந்து தீர்ந்துவிடும்.

வீட்டிற் செய்வோருக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. இப்பாத்திரங்கள் சமையலறைக்கு மீண்டும் செல்லலாகாது. பாவித்த ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கின்றது. அதனைக் கிணற்றடியில் ஊற்றுவது தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலச் சுண்ணாம்புக் கல்லின் ஊடே ஊறிய நிலத்தடி நீரையே குடிநீராக நம்பி வாழும் இடங்களில் இதனை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பாவித்த ஹைப்போவில் உருக்கு நாரை இட்டு வைத்தால் இரும்பு கரைய, வெள்ளி சேறாகப் படியும். அவ்வாறு வெள்ளியைப் பிரித்தெடுத்த பின்னரும், எஞ்சிய நீரைக் கிணற்றுக்கு அப்பாற்படுத்துவதே முறை.

நேயர்களே, கொட்டிலில் நின்று கண்ணாடியைக் கையிலேந்திய கமரன் அம்மையாருக்கும், பச்சை விளக்கின்கீழ்க் குனிந்து நின்ற வெஸ்ரனுக்கும், இருளில் வினாடிகளை எண்ணிய அடம்ஸுக்கும் வாய்த்தவை விலையுயர்ந்த கருவிகளல்ல. அவரவர் காலத்துப் பிலிம் எதனை அனுமதித்ததோ, அதற்கேற்ற பாத்திரத்தை அவர்கள் தேர்ந்தனர். பின் ஆண்டுக்கணக்கில் அதனை மாற்றாது பழகினர். பாத்திரத்தையும் மருந்தையும் மாதந்தோறும் மாற்றுவோருக்கு, நெகற்றிவ் கெட்டதற்குக் காரணம் எதுவென்று கண்டறியவே வழியிருக்காது. ஒரே தட்டு, ஒரே மருந்து, ஒரே வெப்பம் என்று நின்று, ஒவ்வொரு தாளின் நேரத்தையும் விளைவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவோர், பத்தாவது தாளிலேயே தமது கருவியை அறிந்தவராவர். அதன்பின் பெரிய தொட்டி வேண்டுமா, உருளை வேண்டுமா என்னும் கேள்விக்கு அக்குறிப்பேடே விடை கூறும்.